நான் தூங்கவில்லை, டாக்டரம்மா

டாக்டரம்மா,

நேற்று சோளக்காட்டுச் சந்தையில் டிங்சர் வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தால், உங்கள் பழைய கம்பவுண்டர் யாருக்கோ காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா நல்லா இருக்கறாங்களா?" என்று கேட்டேன். தை மாசமே நீங்கள் இறந்துபோய்விட்டீர்களாம். மிளகு மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அழுதேன். பக்கத்தில் நின்றவள், "ஆரு, அந்த மந்திரக்கார டாக்டரம்மாவா?" என்றாள். அந்தப் பேரை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

யுத்தத்தின் முதல் வருஷம். மாசம் ஒரு தடவை சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்தியம் பார்ப்பீர்கள். கேழ்வரகு அறுத்தபோது பட்ட வெட்டில் சீழ் பிடித்து என் வலது கை பணியாரம் போல உப்பிக் கிடந்தது. இன்றே கீறாவிட்டால் கையே போய்விடும் என்றீர்கள். மயக்க மருந்தோ ஒரு சொட்டு இல்லை.

"ஹிப்னாடிசம்னு ஒரு வழி இருக்கு" என்றீர்கள். "மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. தூக்கம்கூட இல்லை. என் குரலை மட்டும் பிடிச்சுக்கிட்டு மூச்சை எண்ணணும். சுத்தி நடக்கறதெல்லாம் காதுல விழும். வலி சுத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேன், குறையும். வேண்டாம்னா நீங்களே கண்ணைத் திறந்துக்கலாம்."

எனக்குப் பயம் கத்தியைப் பற்றி அல்ல.

"உள்ள இருக்கறதையெல்லாம் உளறிப்போடுவேனுங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு நீங்க நினைக்கறதை நானே கேட்டாலும் சொல்ல மாட்டீங்க" என்றீர்கள்.

என் பயத்துக்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது. மூன்று நாள் முன்புதான் என் தங்கச்சி, கம்பளி விற்க வந்த கீழ்நாட்டுக்காரனோடு மலை இறங்கியிருந்தாள். ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் கூடப் போய் விட்டுவிட்டு வந்தவள் நான். பெரியப்பா அருவாளைத் தீட்டிக்கொண்டு அவர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் ஒளிந்திருந்த சேந்தமங்கலத்துச் செங்கல் சூளை எனக்கு மட்டும்தான் தெரியும். என் வாய் தவறினால் இரண்டு தலை உருளும்.

பேனாவின் பித்தளை மூடியைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். இமை கனத்தது. கை என்னுடையது அல்லாதது போல எங்கேயோ கிடந்தது. கத்தி இறங்கியது தெரிந்தது, வலி மட்டும் தூரத்தில் நின்றது. உதட்டை அசைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பெரியப்பா உள்ளே வந்தார். பாதி மூடிய கண், முணுமுணுக்கும் உதடு. எங்கள் ஊரில் அப்படி இருந்தால் வேறென்ன நினைப்பார்கள்? சாமி வந்துவிட்டது என்று வெளியே இருந்தவர்களைக் கூப்பிட்டார். கற்பூரம் மணந்தது.

"வெளியே போங்க!" என்று கத்தினீர்கள். யார் கேட்டார்கள்?

"சாமீ! ஓடிப்போனவ எங்க இருக்கறா? குறி சொல்லு சாமீ!" என்று பெரியப்பா என் காலடியில் உட்கார்ந்தார்.

ஐயோ, என் நெஞ்சு அடித்த அடி! ஆனால் நீங்கள் சொன்னது நிஜம். வாய் என் வசத்தில்தான் இருந்தது. பேசாமலே கிடந்திருக்கலாம். "சாமி பேசாட்டிப் போகட்டும், நாளைக்குச் சேந்தமங்கலத்துல ஊடு ஊடாப் பாத்துப்போடலாம்" என்று அவர் எழுந்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் குரலை விட்டேன். விட்ட கணமே வலி வந்து மேலே விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாமி குரலில் சொன்னேன்:

"அவ எம் மடியில இருக்கறா. தேடாதே. அருவாளைப் போடு."

தரையில் இரும்பு விழுந்தது.

உங்கள் கை ஒரு நொடி நின்றது. பிறகு வேலையை முடித்தீர்கள். பெரியப்பா கும்பிட்டபடி, "ஏனுங்கம்மா, வந்தது சாமிதானுங்களே?" என்று கேட்டார். காலையிலிருந்து சாமி இல்லை, மந்திரம் இல்லை என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்கள். கையைக் கழுவிக்கொண்டே, "காயத்துக்குத்தான் நான் பொறுப்பு. கேட்டது நீங்க, பதில் வாங்கினதும் நீங்க" என்றீர்கள். கட்டுப் போடும்போது என் காதருகில் மட்டும், "நான்தான் சொன்னேனே" என்றீர்கள்.

அடுத்த மாசம் பெரக்கரை நாட்டு மலையூர்களிலிருந்தெல்லாம் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்து உங்கள் முன்னால் நின்றார்கள். காணாமல் போன மாடு எங்கே என்று கேட்டார்கள். நீங்கள் கோபித்தீர்கள், துரத்தினீர்கள். மந்திரம் செய்கிறீர்கள் என்று மேலே புகார் போய், உங்களை மலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பேசியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பேர் மிஞ்சியிருக்கும். நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

நேற்று சந்தையிலிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "அன்னைக்குப் பேசினது சாமி இல்லீங்க, நாந்தானுங்க" என்றேன். கிழவர் தன் கையை விரித்துப் பார்த்தார்.

"தெரியும் கண்ணு. உங் குரலு எனக்குத் தெரியாதா? அந்த அருவாளக் கீழ போட எனக்கும் ஆராச்சும் சொல்ல வேண்டியிருந்துச்சு."

பாருங்கள் டாக்டரம்மா, அன்று அந்த அறையில் யாருமே தூங்கவில்லை. எல்லோரும் தப்பித்துக்கொண்டோம். பழி உங்கள் ஒருவர் தலையில்.

தங்கச்சிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என் கை நன்றாக மடங்குகிறது, இந்த எழுத்தே அதற்குச் சாட்சி. அடுத்த சந்தைக்குப் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மந்திரக்காரி என்று இனி யார் சொன்னாலும், அவரைப் பக்கத்தில் நிறுத்தி, என் உள்ளங்கைத் தழும்பை விரித்துக் காட்டிச் சொல்வேன்: "அவங்க வைத்தியருங்க. பொய் சொன்னது நானு."