ஒன்பதாவது பெயர்

2007 ஆகஸ்ட் 26, ஞாயிறு
மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷனில் காலையிலிருந்து மழை. பாரிஸில் மனைவி வதனியின் தங்கை மகளுக்குக் கல்யாணம், பெட்டி அடுக்குகிறாள். கடையில் ஊர்க்காரர் வின்சன்ட் ஒரு துண்டுக் கடதாசி தந்தார். பேனாடின் தொலைபேசி எண். ரெய்ம்ஸ் நகரில் ஷாம்பெய்ன் நிலவறையில் வேலையாம். பாரிஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்.

"போங்கோ. பதினேழு வருசமா எனக்குச் சொல்லுறதை அவருக்குச் சொல்லுங்கோ" என்றாள் வதனி.

ஆகஸ்ட் 28
உள்ளதை எழுதி வைக்கிறேன். 1990, மட்டக்களப்பு. யுத்தத்தில் இறந்தவர்களின் பட்டியல், பதினொரு பெயர், எழுதியவன் நான். ஒன்பதாவது பேனாட்: எங்கள் பத்திரிகையின் படப்பிடிப்பாளர், என் கூட்டாளி. இரண்டு பேர் உறுதிப்படுத்தாமல் பெயர் போடுவதில்லை என்பது என் விதி. அன்று ஒருவர் சொன்னதே போதும் என்றிருந்தேன். அச்சுக்கு நேரமாகியிருந்தது.

எட்டு மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து அவர் எழுதிய கடிதம் தாய்க்கு வந்தது. அதற்குள் பத்திரிகை நின்றுவிட்டது. திருத்தம் போட இடமில்லை. நானாவது அவருக்கு எழுதியிருக்கலாமே? எழுதவில்லை.

செப்டம்பர் 1
எண்ணை அழுத்தினேன். மணி அடிக்க முன்னம் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 2
"ஆர்?"
"அருமைராசா. இந்த மாசம் பாரிஸுக்கு வாறன்."
"பதினஞ்சாந் திகதி சனிக்கிழமை. ஸ்டேஷனில நிப்பன்."
கோபமா? குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 15, ரெய்ம்ஸ்
நின்றார். தலை முழுக்க நரை. முதலில் பேராலயத்துக்குக் கூட்டிப்போனார். வாசலில் சிரித்தபடி ஒரு கல் தேவதூதர். "முதலாம் உலக யுத்தத்தில தலை விழுந்தது. பொறுக்கி ஒட்டினவங்கள்" என்றார்.

பிறகு நிலவறை. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தது. படிகள் நூற்றுக்கு மேல், எண்ணுவதை விட்டுவிட்டேன். வெளியே வெயில், உள்ளே பத்துப் பாகைக் குளிர். கழுத்து கீழாகச் செருகிய போத்தல்கள். மண்டி கழுத்துக்கு இறங்கத் தினமும் கொஞ்சம் திருப்ப வேண்டுமாம். இரண்டு கையாலும் திருப்பிக்கொண்டே போனார். அங்கேதான் சொன்னேன். என் பிழை, பேனாட்.

அவர் கை நிற்கவில்லை. "என்னைத் தேடித் துவக்கோட ரெண்டு தரம் வந்தானுகள். அம்மா உன்ட பேப்பரைக் காட்டினா. அவ அழுததைப் பார்த்திட்டுப் போயிட்டானுகள்."

மூச்சு விட்டேன் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தார்.

"அதுக்காக நீ செய்தது சரியில்ல, மச்சான். எட்டு மாசம் கறுப்புச் சீலையோட திரிஞ்சவ."

"ஓம்."

"ஆனா கடைசி ரெண்டு வருசம் என்னோட இஞ்சதான் இருந்தவ. நான் சமைச்சுக் குடுத்தன். கறியில உப்பில்லை எண்டு ஒவ்வொரு நாளும் ஏச்சு." சிரித்தார். "வா, சாப்பிடுவம். இனி ஞாயிற்றுக்கிழமையில போன் எடு. நான் இருக்கிறனா இல்லையா எண்டு என்னட்டயே கேளு."

எனக்குக் கிடைக்க வேண்டியதைவிட அதிகம் இது. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 23
எடுத்தேன். இருக்கிறார். சளி.

செப்டம்பர் 30
எடுத்தேன். சளி சுகம்.

ஒக்டோபர் 7, ஞாயிறு, மொன்றியல்
நான் எடுக்க முன்னம் அவரே எடுத்தார். "இருக்கிறன். எழுது."
என் விதிப்படி போனை வதனியிடமும் கொடுத்தேன். அவளும் கதைத்தாள்.
இப்போது எழுதுகிறேன்: பேனாட், ரெய்ம்ஸ், உயிரோடு இருக்கிறார்.