தொடாமல் விட்டால்

பிப்ரவரி 11, 2002

இன்று கம்ப்யூட்டர் சென்டரில் கரண்ட் இருந்தது. இருந்து என்ன? இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் என்று சேரும்போது சொன்னார்கள். மவுஸ் ஒருவர் கையில்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. என்னோடு உட்காருகிறவன் தீபன், காசிமேட்டுக்காரன். "நீ சொல்லு கரசி, நான் அட்ச்சிகினே போறேன்" என்கிறான். சொல்லிச் சொல்லியே எனக்கு எல்லாம் மனப்பாடம். விரல் பழகியது அவனுக்கு.

வெப் டிசைனிங் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். முதல் மார்க் வாங்குகிறவருக்கு அங்கேயே லேப் அசிஸ்டென்ட் வேலை என்று கருணாகரன் சார் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து செய்யும் வேலை. பகல் முழுக்க எக்ஸ்போர்ட் கம்பெனியில் நின்றபடி சட்டைக்கு நூல் பிசிறு வெட்டுகிறவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிப்ரவரி 14

கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை இங்கே வரை. ஜன்னலைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் நாறுகிறது. படிக்கவில்லை.

பிப்ரவரி 19

மாடல் கேள்வித்தாள் வந்துவிட்டது. ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு வெப் பக்கம் செய்ய வேண்டும். பெயர், வயது, மதம். மதத்துக்கு மட்டும் கீழே விரிகிற லிஸ்ட். மாடல் விடையில் மூன்றுதான் — இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம். பொத்தானை அழுத்தினால் கொடுத்த விவரம் எல்லாம் திரையில் வர வேண்டும்.

தீபன் டீ குடிக்கப் போன நேரத்தில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அன்புக்கரசி, 22. மதத்தைத் தொடவில்லை. அழுத்தினேன். 'மதம்: இந்து' என்று வந்தது.

உன்னை யார் கேட்டது?

லிஸ்டைத் தொடாமல் விட்டால் முதலில் இருப்பதே விழுமாம். சார் அப்புறம் சொன்னார். எனக்கு இது புதிதா? என்னைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பா "பௌத்தம்" என்றாராம். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் இந்து என்று எழுதிவிட்டார். என் சர்டிபிகேட் எல்லாவற்றிலும் அதுதான். வீட்டில் நாங்கள் விளக்கேற்றுவது புத்தர் படத்துக்கு.

பிப்ரவரி 20

நான்காவதாகப் பௌத்தம் சேர்த்தேன். ஒரே ஒரு வரி. "இது எதுக்கும்மா?" என்றார் சார். நாங்கள் பௌத்தம் என்றேன்.

"பௌத்தமா? எந்த ஏரியா நீ?"

"புளியந்தோப்பு சார்."

"ஓ" என்றார். ஏரியாவைக் கேட்டே சாதியைத் தெரிந்துகொள்கிற இந்த "ஓ"வை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன். பிறகு தன்மையாகவே சொன்னார். "மாடல்ல மூணுதான் இருக்கு, மூணே போடு. திருத்த வெளியாள் வராரு. எக்ஸ்ட்ரா போட்டா மார்க் போயிடும்."

படியிறங்கும்போது தீபன், "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? எட்த்துடு. மார்க்கு முக்கியமா, இது முக்கியமா?" என்றான். அவனுக்கென்ன. அவனுடையது முதலில் நிற்கிறது. அவன் லிஸ்டைத் தொடவே வேண்டாம்.

மார்ச் 3

அம்மா மாப்பிள்ளை பார்க்கிறாள். "கம்பூட்டரு பட்ச்சி இன்னா கலெக்டராவா ஆவப் போற?"

மார்ச் 16

நாளை பரீட்சை. மூன்றே போடுவது என்று முடிவு. வேலை வேண்டும்.

மார்ச் 17

நான்கு போட்டேன். அதோடு விட்டிருக்கலாம், கை நிற்கவில்லை. பௌத்தத்தை முதலில் வைத்தேன். ஒரு நாளாவது மற்றவர்கள் தொடட்டுமே.

திருத்த வந்தவர் அவசரக்காரர். தன் பெயரை அடித்தார், வயதை அடித்தார், லிஸ்டைத் தொடாமல் அழுத்தினார். 'மதம்: பௌத்தம்'.

"என்னம்மா, தப்பா காட்டுது?"

"நீங்க தேர்ந்தெடுக்கலை சார்."

"நான் எதுக்குத் தேர்ந்தெடுக்கணும்?"

நிஜமாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது.

மார்ச் 24

தீபன் முதல். நான் இரண்டாவது. ஃபார்முக்கு மார்க் வெட்டிவிட்டார்கள். அவன் போட்டது நான் வாயால் சொல்லிக்கொடுத்த மூன்று வரி லிஸ்ட். வயிறு எரிகிறது. திமிருக்குக் கிடைத்தது என்று எனக்கு நானே — இன்னா திமிரு? ஒரு வரி போட்டா திமிரா? வாயத் தொறந்து இன்னாருன்னு சொன்னா திமிரா?

மார்ச் 25

பிசிறு வெட்டினேன்.

ஏப்ரல் 21

தீபன் வீட்டுக்கே வந்துவிட்டான். அம்மா டீ கொடுத்தாள், குடித்தான். சென்டருக்கு நிஜமாகவே ஒரு திருமணத் தகவல் மையத்தின் வேலை வந்ததாம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இவனுக்கு அன்றோடு மறந்துவிட்டது. சிஸ்டத்தில் கிடந்த என் ஃபார்மை எடுத்து, தலைப்பையும் கலரையும் மாற்றிப் போட்டிருக்கிறான். லிஸ்டைப் பார்க்கவே இல்லை.

"பதிஞ்சவன் முக்காவாசி பேரு பௌத்தம்னு மெயில் வந்துகினு கீது. பொண்ணு வூட்டுக்காரன்லாம் சண்டைக்கு வரான். ஓனரு கத்திகினு கீறாரு. சாரு உன்ன இட்டுனு வரச் சொன்னாரு."

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தாய் என்றேன். "இன்னா கரசி, நம்ம சிஸ்டம்தான" என்றான். மவுஸ் அவன் கையில் இருந்த நாளெல்லாம் அது நம்ம சிஸ்டமாக இல்லை.

ஏப்ரல் 22

போனேன். சாரே மவுஸை என் பக்கம் தள்ளினார். "அந்த பௌத்தத்தை எடுத்துடும்மா."

எடுக்கவில்லை. முதல் வரியில் 'மதத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று வைத்து, தேர்ந்தெடுக்காவிட்டால் மேலே போகாதபடி செய்தேன். அதற்குக் கீழே நான்கும். "நாலும் இருந்தாத்தான் சார் ஓடும்" என்றேன். பொய். "சரி சரி" என்றார்.

வேலை தீபனுடையதுதான். சார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானாவது கேட்டிருக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. அன்புக்கரசி, 22. லிஸ்டைத் திறந்தேன். பௌத்தத்தைத் தேர்ந்தெடுத்தேன். அழுத்தினேன். நானும் வரன் தேடிப் பதிந்ததாக மையத்துக்காரருக்கு மெயில் போய்விட்டது. அழித்துவிடச் சொல்லலாம் என்று வாசல்வரை நினைத்தேன், சொல்லவில்லை. சர்டிபிகேட்டில் இல்லாதது அங்கேயாவது இருக்கட்டும்.

அம்மாவிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை எப்போது வருவான் என்று கேட்பாள்.