அப்பாவின் விரலுக்கு அசையாத திரை

ஜூன் 9, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். அவர் புரண்டு படுத்தாலே என் பேனா நின்றுவிடுகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் கிண்டல் செய்யாதே. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நூலக முகவரிக்கு எழுது. நூலகத்து அம்மா எனக்காக எடுத்து வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு நூலக மாடிக்குப் போகிறேன். அங்கே ஒரு கணக்கு டீச்சர் தொடுதிரைக் கூடல் நடத்துகிறார். தொட்டால் வேலை செய்யும் கருவிகளை நாங்களே செய்து பார்ப்போம். யார் வேண்டுமானாலும் வரலாம். நீளமான மேஜை, சாலிடர் புகை, சிக்கிக் கிடக்கும் ஒயர்கள். ஒரு பல் டாக்டர், தன்னிடம் வரும் பிள்ளைகள் அழாமல் இருக்க விளையாட்டுத் திரை ஒன்று செய்கிறார். பாதி நேரம் அவரே அதில் விளையாடிக்கொண்டிருக்கிறார். ஒயரை இணைப்பது, நிரல் எழுதுவது, தப்பு செய்வது எல்லாம் அவரவர்தான். தெரியாததைப் பக்கத்து நாற்காலியில் கேட்க வேண்டும். ஒரே ஒரு வழக்கம் உண்டு. செய்ததைச் சபையில் காட்டுவதற்கு முன், யார் எதைச் சொல்லிக் கொடுத்தார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் திரையைத் தொட விடமாட்டார்கள்.

நான் செய்வது நம் வாசலுக்கு. நீ போன பிறகு அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. சாயங்காலம் அப்பா சிமென்ட் படிந்த சட்டையோடு வந்து கதவைத் தட்டித் தட்டி நிற்கிறார். தெரு முழுக்க எட்டிப் பார்க்கிறது. உள்ளே அம்மா பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். என் ஏற்பாட்டில் வாசலில் ஒரு தொடுதிரை இருக்கும். வருகிறவர் தன் படத்தைத் தொட்டால் சமையலறையில் இருக்கும் இன்னொரு திரை மின்னி, வந்தது யாரென்று காட்டும். படங்களை நானே வரைந்தேன். முதலில் இடம் வலம் மாறிப்போய், அப்பாவைத் தொட்டால் பால்காரர் வந்தார். இப்போது அப்பாவே வருகிறார். சரியாக மின்னிய அன்று, இது என் கையால் ஆனதா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஜூலை பதினான்காம் தேதி எல்லோரும் குடும்பத்தோடு வந்து, செய்ததைக் காட்ட வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? நீ கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போய் மாமாவைப் பார்த்து, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, வெளியே போய்ப் படிப்பது என்றாலே அவருக்கு ஆகாது. உன் பேச்சையும் எடுக்கக் கூடாது. தெரிந்தால் என்னை நிறுத்திவிடுவார். எனக்கு அந்த மாடி வேண்டும் அக்கா.

உன்,
வாலு

ஜூன் 15

என் வாலுக்குட்டிக்கு,

உன் கடிதத்தை வார்டில் வேலை முடிந்து மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை பார்ப்பவள், "என்னடி, சம்பளம் ஏத்திட்டாங்களா, தனியா சிரிக்கிற?" என்று கேட்டாள். "என் தங்கச்சி மெஷின் செய்யறா" என்றேன். அவளிடம் உன் வயதைச் சொன்னேன், நம்பவில்லை.

ஒரு குறை உண்டு. அம்மாவின் காது இவ்வளவு மோசம் என்று இதுவரை ஏன் எழுதவில்லை? தூரத்தில் இருப்பவளுக்கு நல்ல செய்தி மட்டும் போதும் என்று நீயே முடிவு செய்துவிட்டாயா?

அப்பா சொல்லை நம்பமாட்டார். கண் முன்னால் நிற்கும் சுவரைத்தான் நம்புவார். அதனால் பேசிப் புரியவைக்கப் பார்க்காதே. முதலில் அதை வீட்டுக்குக் கொண்டு போய் மாட்டு. வேலை செய்வதைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 23, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். எல்லாம் பாழாகிவிட்டது.

நேற்று, பள்ளிக்கூட வேலை என்று சொல்லி வாசலில் மாட்டினேன். அம்மாவுக்கு ஒரே குஷி. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடி ஓடித் தொட, அவள் கரண்டியும் கையுமாக ஒவ்வொரு முறையும் வந்து கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு டெய்லர் வந்து தொட்டார், மின்னியது. பால்காரர் தொட்டார், மின்னியது. அப்பா வந்தார். "இதுல என் மூக்கு ஏன் இவ்வளவு பெருசு?" என்று கேட்டுக்கொண்டே தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். அடுத்த விரலால் தொட்டார். டெய்லர் சிரித்துக்கொண்டே, "என்ன கொத்தனாரே, ஊருக்கெல்லாம் வீடு கட்டறீங்க, உங்க வீட்டு வாசலே உங்களை யாருன்னு கேக்குதே" என்றார்.

அப்பா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விரல் நுனியை ஒரு முறை பார்த்துக்கொண்டார். குளிக்கப் போய்விட்டார்.

சிமென்டில் அவர் விரல் காய்ந்து கட்டையாகிவிட்டது. தோலைத் தொட்டு உணரும் திரைக்கு அந்தத் தோல் தெரியவில்லையாம், இன்று கூடலில் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் எங்கள் விரலாலேயே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவுக்காகச் செய்த திரையை அப்பாவின் கையை நினைக்காமல் செய்திருக்கிறேன். "விரலை நனைச்சுட்டுத் தொடச் சொல்லு" என்கிறார் பல் டாக்டர். தன் வீட்டுக்குள் வர அப்பா விரலை நனைக்க வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இனி பதினான்காம் தேதிக்கு அவரை எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

உன்,
வாலு

ஜூன் 29

என் வாலுக்குட்டிக்கு,

அழுது முடித்துவிட்டாயா? மூக்கைத் துடைத்துக்கொண்டு இதைப் படி.

எங்கள் வார்டில் மருந்து ஏற்றும் மெஷினில் ஒரு திரை இருக்கிறது. கையுறையோடு தொட்டாலும் கேட்கும், பேனா முனையால் குத்தினாலும் கேட்கும். உன் கடிதம் வந்ததும், அதைச் சரிபார்க்க வரும் டெக்னீஷியனைப் பிடித்து ஏன் என்று கேட்டேன். அது தோலைப் பார்க்காதாம். மெல்லிய இரண்டு படலங்கள் இருக்குமாம். மேல் படலம் அழுந்திக் கீழ்ப் படலத்தைத் தொட்டால் போதுமாம். அழுத்துகிறவர் யாராக இருந்தாலும் சரி. உங்கள் கூடலில் அந்த வகைத் திரை இருக்கிறதா என்று கேள்.

விரலை நனைக்கச் சொல்லமாட்டேன் என்றாயே, அந்த வரியை மாமாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

சபையில் என்னைச் சொல்லாதே. யாரோ ஒரு நர்ஸ் சொன்னார் என்று சொல், அது பொய்யில்லை. என்னால் உன் மாடி போக வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வகைத் திரை கூடலின் பழைய பெட்டியில் கிடந்தது. மாற்றி வைத்து, தொடும் இடத்தையும் படத்தையும் பொருத்தி, நிரலைத் திருத்தி எழுதினேன். செங்கல் துண்டால் அழுத்திப் பார்த்தோம், கேட்டது.

பதின்மூன்றாம் தேதி இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைத் தவிர. "எத்தனை நாளா இந்தப் பொய்?" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். காலையில் கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு, "எங்க இருக்கு அந்த மாடி? நடந்தே போயிடலாமா?" என்றார்.

என் முறை வந்தது. கணக்கு டீச்சருக்கு நன்றி சொன்னேன், பல் டாக்டருக்குச் சொன்னேன். திரையை மாற்றச் சொன்னது யார் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. நீ சொல்லித் தந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. அப்பா முதல் வரிசையில் இருந்தார், இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு. அந்தக் கைகளைப் பார்த்தேன். யாரோ ஒரு நர்ஸ் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. "என் அக்கா" என்றேன். "எங்க அப்பா கையைத் தெரிஞ்சவங்க."

அப்பா தரையில் பதித்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்து அழுத்தினார். அறையின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மா, தன் திரையைப் பார்த்துவிட்டு, "வந்துட்டாரு" என்று வீட்டில் கத்துவது போலவே கத்தினாள். மாடியே சிரித்தது. அப்பா மறுபடி அழுத்தினார். "வந்துட்டாரு." இன்னொரு தரம். டீச்சர் வந்து நிறுத்தும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா என்ன பண்றாங்க?" என்று டீச்சர் என்னிடம்தான் கேட்டார். பதில் சொன்னது அப்பா. "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவ ஆஸ்பத்திரியில நர்ஸ். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வீடு வரும்வரை திரையை அவரே தூக்கி வந்தார்.

இன்று வேலைக்குப் போகாமல் வாசல் சுவரில் உளியால் பள்ளம் வெட்டி, ஒயரை உள்ளே விட்டு, மேலே பூசிவிட்டார். எந்த இடத்தில் ஒயர் போகிறது என்று நீ தேடினாலும் கிடைக்காது. திரையைப் பதிக்கப் பென்சிலால் கோடு போட்டார். தள்ளி நின்று பார்த்தார். அழித்துவிட்டுக் கொஞ்சம் கீழே போட்டார். "பெரியவ என் தோளுக்குத்தானே இருப்பா?" என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது கையைக் கழுவிக்கொண்டு என் பின்னால் வந்து நிற்கிறார். இதையும் எழுதச் சொல்கிறார்: "வந்து தொட்டுப் பாக்கச் சொல்லு. எட்டலைன்னா உடைச்சு மறுபடியும் பூசிக்கலாம்."

உன்,
வாலு