என் பெயரை நானே சொன்ன நாள்

உடப்பு
14.06.1998

அன்பு மகன் தயாபரனுக்கு,

திரௌபதை அம்மன் காவலில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்கவேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கடல் கொந்தளிப்பால் அப்பா பத்து நாளாகத் தொழிலுக்குப் போகவில்லை, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருக்கிறார், முழங்கால் வலி குறைவு. தவமணிச் சித்தியின் மகள் யசோதா உயர்தர வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த மாதம் சுவிசில் உனக்கு அகதி விசாரணை என்றும், திக்கி நின்றால் பொய் சொல்கிறான் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நித்திரையில்லை என்றும் எழுதியிருந்தாய். தாயின் திக்கலைக் கேட்டுப் பழகியதுதான் இது, பழகியதை மறக்கலாம், ஒரு மாதம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினால் தடையில்லாமல் கதை வரும் என்று உன் அறைத் தோழன் சொன்னானாம், உண்மையா அம்மா என்று கேட்டிருக்கிறாய். மகனே, அந்தக் கேள்வியை உனக்கு முதலே என்னிடம் நான் கேட்டுவிட்டேன். என் திக்கல் உனக்கு ஒட்டிவிடும் என்று பயந்து, உனக்குக் கதை வரத் தொடங்கிய நாளிலிருந்து உன் முன்னால் நான் வாய் திறக்கவில்லை. பகலெல்லாம் உன்னைத் தவமணி வீட்டில் விட்டேன், அவளுக்குத்தான் படபடவென்று கதை வருமே. நீ அம்மா என்று கூப்பிட்டால் ஓம் என்றுகூடச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவேன். இரண்டு வருடம் அப்படி. நாலு வயதில் நீ தண்ணி கேட்க வந்து முதல் எழுத்திலேயே நின்றாய், நான் குசினிக்குள் போய் அழுதேன். பிறகு யசோதா பிறந்தாள், தவமணி மீன் விற்கப் போக அவளை நான்தான் மடியில் வைத்து வளர்த்தேன், இனிப் பயந்து என்ன என்று திக்கித் திக்கியே எல்லாக் கதையும் சொன்னேன். அவளுக்கு ஒரு எழுத்தும் திக்கவில்லை. அவளுக்குச் சரளத்தை யாரும் படிப்பிக்கவில்லை, உனக்குத் திக்கவும் யாரும் படிப்பிக்கவில்லை, இது பிறவியோடு வந்தது என்று உன் தோழனுக்குச் சொல்லு. அந்த இரண்டு வருடம் உன்னோடு கதைக்காமல் விட்டேனே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

ஆனால் படித்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை நான் நாற்பத்தொன்பது வயதில், போன மாசியில்தான் படித்தேன். தவமணியும் நானும் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நம மொகத்த என்று சிங்களத்தில் பெயர் கேட்டான். உனக்குத் தெரியும், மற்றச் சொல் எப்படியாவது வரும், சொந்தப் பெயர் வராது. வழக்கம்போலத் தவமணி முந்திக்கொண்டு இரஞ்சிதம் என்றாள். தன் பெயரைச் சொல்லத் தெரியாத மனுசியா, இது இவளுடைய அட்டைதானா என்று அவனுக்குச் சந்தேகம். அவள் எனக்காகக் கதைக்கக் கதைக்க அவன் முகம் கறுத்தது, கடைசியில் அவளைத் தூரப் போய் நிற்கச் சொல்லிவிட்டான். இன்னொருவன் துவக்கோடு கிட்ட வந்தான். கண் இறுகி, கழுத்து இழுத்து, நான் அப்படியே நிற்கிறேன். எனக்குப் பதிலாகக் கதைக்க யாருமே இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தரம். அப்போது பெயரை விட்டுவிட்டு, எனக்குப் பிறந்ததிலிருந்து கதை திக்கும் மாத்தயா, பெயர் வரும், கொஞ்சம் பொறுங்கோ என்று சிங்களத்தில் சொன்னேன். அதுவும் திக்கித்தான் வந்தது. வயதான சார்ஜன்ட் ஒருவர் அவனைக் கையமர்த்தி, அவசரமில்லை அம்மே, ஆறுதலாகச் சொல்லுங்கோ என்றார். மூன்றாம் தரம் இரஞ்சிதம் வந்தது, அட்டையும் கைக்கு வந்தது. பஸ்ஸில் ஏறியபின் தவமணி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது, அவள் பையிலிருந்த பணிசைத் தின்றேன். திக்கல் இன்றைக்கும் அதே அளவுதான், ஆனால் இப்போது கூப்பன் கடையிலும் டொக்டரிடமும் நானே கதைக்கிறேன்.

ஆகவே கண்ணாடியோடு மாரடிக்காதே. முதல் கேள்விக்கு முன்னமே, எனக்குத் திக்கும், நேரம் தாருங்கள் என்று சொல்லு. நீ திக்கி நிற்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் உன் சொல்லை முடித்துவைக்க வந்தால் விடாதே, உனக்கு நடந்ததை நீயே சொல்லு, எவ்வளவு நேரம் எடுத்தாலும் உண்மை உண்மைதான்.

அம்மன் உன் கூடவே இருப்பாள். அப்பா கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டாம் என்கிறார். விசாரணை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சந்திக் கடையிலிருந்து உனக்கு ரெலிபோன் எடுப்பேன், அப்பாவோ தவமணியோ இல்லை, நானே. நீ ஹலோ சொன்ன பிறகு சத்தமே கேட்காவிட்டால் லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடாதே ராசா, அது நான்தான்.

உன் அம்மா,
வீ. இரஞ்சிதம்