ஒரு ஃபார்ம்தானே

2019 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, காலை 6.40, ஜெர்சி சிட்டி. லண்டனில் உங்கள் பார்லிமெண்டின் இன்றுவரைக் கணக்கு: ஐரோப்பிய யூனியனை விட்டுப் போகும் விலகல் ஒப்பந்தம் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் தோல்வி. அதற்குப் பதிலாக வேறு என்ன செய்யலாம் என்று போன வாரம் எட்டு யோசனை, நேற்று நான்கு, ஆக மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கும் வேண்டாம்.

அன்புத் தங்கச்சி ஆஃபீஃபாவுக்கு உன் நானா நெய்னா முகம்மது எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையில் சுகம். குளிருக்கு உம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சாப்பாடு, தூக்கம், என்னைத் திட்டுவது எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று அடுத்த வரியில் கேட்கவேண்டும், நான் கேட்கவில்லை, சுகமில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை நீ உம்மாவிடம் அழுததிலேயே தெரிந்துவிட்டது. உடனே உன்னைக் கூப்பிடப் போனேன், உம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். நீ போன்ல பேசினா வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு, உங்க வாப்பா இருந்தா உக்காந்து எழுதியிருப்பாங்க, நீயும் எழுது, கை வலிச்சாவது ரெண்டு வார்த்தை குறைப்பே என்றார்கள். வாப்பா மவுத்தான பிறகு உன் நிக்காஹில் வலியாக, வாப்பா ஸ்தானத்துப் பொறுப்பாளியாக, உட்கார்ந்து உன்னைக் கொடுத்தவன் நான், அதனால் அவர் எழுதவேண்டியதை நான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், தமிழில் கையால் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது.

முதலில் நடந்ததை வரிசையாக வைக்கிறேன், அப்படி வைத்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஜூலையில் ஆஸ்பத்திரியில் உன் பார்மசிஸ்ட் பயிற்சி வருடம் தொடங்கவேண்டும். நீ இந்தியப் பாஸ்போர்ட், லண்டனில் நீ இருப்பதே ஷாரிக் மாப்பிள்ளையின் மனைவி என்ற முறையில். மாப்பிள்ளை காரைக்காலில் பிறந்தவர், ஆனால் பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர் பாட்டனார் எடுத்த முடிவால் குடும்பத்துக்கே பிரெஞ்சுப் பாஸ்போர்ட், ஆகவே அங்கே அவர் ஐரோப்பியர். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டுப் போவதால் ஐரோப்பியர்கள் தொடர்ந்து தங்கப் புதிதாக விண்ணப்பம் போடவேண்டும், அவர் போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு உன்னுடையது சுலபமாகப் போகும். ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறிவிட்டால் மனைவி என்று உனக்குக் கொடுத்திருக்கிற பழைய குடியிருப்பு கார்டுக்கு என்ன மதிப்பு என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே தெரியவில்லை, அதனால் இந்த மாதக் கடைசிக்குள் ஏதாவது காகிதம் காட்டு என்கிறார்கள். மாப்பிள்ளை போட மாட்டேன் என்கிறார். சிக்கல் இவ்வளவுதான்.

இதில் நான் போன வாரம் மூக்கை நுழைத்து அவரைக் கூப்பிட்டேன். ஒரு ஃபார்ம்தானே மாப்பிள்ளை, பத்து நிமிஷ வேலை, கட்டணத்தைக்கூட எடுத்துட்டாங்க, இதுல என்ன ரோஷம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். மச்சான், பதினாலு வருஷமா இந்த ஊர் ரயிலுக்கு சிக்னல் பாக்கறேன், வரி கட்டறேன், இப்ப நான் இங்கே இருக்கலாமான்னு இவங்ககிட்டயே கேக்கணுமா, அதுவும் எப்படிப் போறதுன்னு இவங்களுக்கே இன்னும் தெரியல, முதல்ல இவங்க ஒரு முடிவுக்கு வரட்டும் அப்புறம் நான் போடறேன் என்றார். ஃபார்ம் போடுவதற்கான ஆப்பும் ஆண்ட்ராய்டு போனில்தான் ஓடுமாம், என்கிட்ட இருக்கறது ஐபோன், கெஞ்சறதுக்கும் அவங்க சொல்ற போன்தான் வேணுமாம் என்றார். ஆப் விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம், எங்கள் ஆபீசில் ஒருவன் இப்படி ஒன்றை வெளியே விட்டால் சும்மா விட மாட்டேன். அந்த இடத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் நம்ம ஊர் வழக்கத்தை இழுத்தேன். நம்ம ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் கல்யாணமானா பொண்டாட்டி வீட்லதானே இருக்காங்க, எத்தனை வருஷமானாலும் மாப்பிள்ளை வாசல்ல நின்னு செருமிட்டுத்தான் உள்ளே வருவார், எங்க வாப்பாவும் கடைசி வரைக்கும் அப்படித்தான் வந்தாங்க, அதுல யாரு குறைஞ்சு போயிட்டாங்க என்றேன். பெரிய பாயிண்ட் சொல்லிவிட்டதாக நினைப்பு. அவரோ, உங்க வாப்பா செருமினா உள்ளேருந்து தேத்தண்ணி வரும் மச்சான், இங்கே நான் செருமினா நீ யாருன்னு கேக்கறாங்க என்று சொல்லி வைத்துவிட்டார். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை, உன்னோடும் அளந்துதான் பேசுகிறாராம், பிரான்சுக்கே போயிடலாம் என்கிறாராம். பிரான்சில் அவர் ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. உன் பயிற்சியோ லண்டனில். நான் பேசியதால் ஒரு சிக்கல் இரண்டாகிவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஆபீசில் ஒரு திரையில் என் வேலை, பக்கத்துத் திரையில் உங்கள் பார்லிமெண்ட். சுங்கத்தை மட்டும் ஐரோப்பாவோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை மூன்றே ஓட்டில் போனது, 273க்கு 276. ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல். எங்கள் வேலையில் ஒரு புரோகிராம் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தால், கெடு முடிந்ததும் அது தானாக ஒன்றைச் செய்துவிடும், என்ன செய்யவேண்டும் என்று முன்னாலேயே யாரோ எழுதி வைத்திருப்பான். அங்கே கெடு ஏப்ரல் 12. வேண்டாம் என்பதற்கு மெஜாரிட்டி இருக்கிறது, வேண்டும் என்பதற்கு எதற்குமே இல்லை, இப்படியே விட்டால் பெரும்பாலோர் வேண்டாம் என்று சொன்ன ஒப்பந்தமில்லாத வெளியேற்றமே தானாக நடக்கும். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் இதை உம்மாவிடம் கத்தினேன். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு. அவங்களை விடு, உன் கதையைச் சொல்லு என்றார்கள். மாப்பிள்ளை ரோஷத்துல ஒரு ஃபார்ம் போட மாட்டேங்கிறார், நீ பயத்துல ஒரு ஃபார்ம் போடாம மூணு வருஷமா கூடப்பிறந்தவளைப் போய்ப் பாக்கல, ரோஷத்துக்காவது ஊர்ல ஒரு மரியாதை இருக்கு, உன்னோடதுக்கு என்ன இருக்கு என்றார்கள்.

அவர்கள் சொன்னது என் விசா முத்திரையை. 2016ல் முடிந்துபோனது. இங்கே இருந்து வேலை பார்க்கத் தேவையான காகிதம் எல்லாம் என்னிடம் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு தடவை வெளியே போனால் திரும்பி வர வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நின்று புது முத்திரை கேட்கவேண்டும். அப்படிப் போன இரண்டு பேரை மாதக்கணக்கில் ஊரில் உட்கார வைத்த கதை ஆபீசில் ஓடுகிறது. அதனால் கிரீன் கார்டு வரட்டும், கிரீன் கார்டு வரட்டும் என்று இருக்கிறேன். எனக்கு முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தால் அது எந்தக் காலத்தில் வருமோ. போன டிசம்பரில் உனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனபோதும் வீடியோவில்தான் பார்த்தேன். லீவு போட்டு ராத்திரி பகலாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை.

உம்மா சொன்ன பிறகு நேற்று வெகுநேரம் யோசித்தேன். விரல் ரேகை கொடு என்றால் கொடுக்கிறேன், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை நான் யார் என்று முதலிலிருந்து சொல் என்றால் சொல்கிறேன், எனக்கு எதுவும் வலித்ததில்லை. அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். இந்த ஊரை ஒரு நாளும் என் ஊர் என்று நினைக்காததால்தான் வலிக்கவில்லை, வேறொன்றுமில்லை. வந்து ஒன்பது வருடம், இன்னும் மடக்கு மேசையில் சாப்பிடுகிறேன், உம்மாவுக்குச் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி இந்த வீட்டில் கிடையாது, நல்லதாக வாங்கினால் போகும்போது விற்கவேண்டுமே என்று வாங்கவில்லை. மாப்பிள்ளை அப்படி இல்லை. கவுன்சிலில் மூன்று வருடம் வரிசையில் நின்று தோட்டம் போட ஒரு துண்டு நிலம் வாங்கியவர், அதில் வெந்தயக்கீரை வந்ததற்கும் பீர்க்கங்காய் வராததற்கும் தனித்தனியாக எனக்குப் படம் அனுப்பியவர். பக்கத்து வீட்டுக் கிழவரின் குப்பைத் தொட்டியைப் புதன்கிழமை தவறாமல் வெளியே இழுத்து வைக்கிறவர். அவரைப் பார்த்து நீ இங்கே இருக்கலாமா என்று கேட்டால் வலிக்கத்தான் செய்யும். ஒரு ஃபார்ம்தானே என்று நான் சொன்னது, அடிபட்டவனிடம் எனக்கு வலிக்கவில்லையே என்று சொன்ன மாதிரி.

ஆனாலும் ஃபார்ம் போட்டே ஆகவேண்டும் ஆஃபீஃபா, அதில் நான் மாறவில்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் மாறியிருக்கிறேன். 2016 ஜூனை நினைத்துப் பார். நீ போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை, யூனியனில் இருப்பதா போவதா என்ற ஓட்டுக்கு உன் பேரில் கார்டு வந்தது. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால் உனக்கு ஓட்டு உண்டு, பதினோரு வருடமாக அங்கே இருந்த மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்பதால் கிடையாது. நானா, எனக்கு இன்னும் பஸ் நம்பரே தெரியல என்கிட்ட கேக்கறாங்க என்று நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கு அடித்த மழையில் மாப்பிள்ளை உன்னை ஓட்டுச்சாவடி வாசல் வரைக்கும் கூட்டிப்போய்க் குடையோடு வெளியே நின்றார். எனக்கும் சேர்த்து நீதான் போடணும், எங்கே போடணும்னு சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும் என்று சொன்னாராம். நீயே சொன்னதுதான். அன்றைக்கு அவர் உன்னிடம் கேட்டார், நீ செய்தாய், வீட்டில் இருந்த ஒரே ஓட்டு இரண்டு பேருக்கும் சேர்ந்தது. இப்போது வீட்டில் இருக்கிற ஒரே ஐரோப்பியப் பாஸ்போர்ட் அவருடையது, அதுவும் இரண்டு பேருக்கும் சேர்ந்தது. நீ இதுவரை அவரிடம் ஆஸ்பத்திரி கேட்கிறது, சட்டம் கேட்கிறது, நானா சொல்கிறார் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாய், நான் கேட்கிறேன் என்று ஒரு தடவையாவது சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும், நீயும் ரோஷக்காரிதான். இந்த நாட்டுக்காகப் போட வேண்டாம், எனக்காகப் போடுங்க என்று நேராகக் கேள். முகத்தைப் பார்த்துக் கேள், அவர் தோட்டத்தில் குனிந்திருக்கும்போது முதுகைப் பார்த்துக் கேட்காதே. அப்படிக் கேட்டும் மனம் ஒப்பாமல் பிரான்சுதான் என்றால், அதையும் இரண்டு பேரும் உட்கார்ந்து வாயால் சொல்லி முடிவு செய்யுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். இரண்டு பேரும் பேசாமல் இருந்து, கெடு முடிந்து, தானாக ஒன்று நடந்தது என்று மட்டும் இருக்க வேண்டாம்.

இந்தக் கடிதம் வருகிற பெட்டியில் என்னுடைய பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கிவிட்டேன். பாஸ்போர்ட்டின் சிப்பை அது படிக்கவேண்டும், நம் இந்தியப் பாஸ்போர்ட்டில் சிப் இல்லாததால் என் ஆபீஸ் கதவு அட்டையை வைத்துப் பார்த்தேன், படிக்கிறது. அவரிடம் நீட்டாதே, மேசைமேல் வை போதும். ஊரிலிருந்து கொண்டுவந்த கறித்தூளில் பாதியை உம்மா உனக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள், போனுக்கும் அதுதான் பஞ்சுமெத்தை, வாசனை வந்தால் பயப்படாதே. காலையில் வெறும் தேத்தண்ணியோடு ஓடாதே, அடிவயிற்றுத் தையல் போட்ட இடம் குளிருக்கு இழுத்தால் சொல்லாமல் இருக்காதே என்று உம்மா சொல்லச் சொன்னார்கள். உங்கள் இரண்டு பேர் வாசலிலும் அல்லாஹ் சலாமத்தைத் தரட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் உம்மா கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன். இந்த மாதக் கடைசி என்ற தேதியை மட்டும் மறக்காதே.

உனக்கு வாப்பாவின் இடத்தில் நிற்கும்,
நானா நெய்னா முகம்மது

நான் செய்யப்போவது:

1. இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பெட்டியை அனுப்புகிறேன்.

2. சனிக்கிழமை மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறேன். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பேன், பிறகு பீர்க்கங்காயைப் பற்றி மட்டும் கேட்பேன். ஃபார்ம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது.

3. ஞாயிற்றுக்கிழமை உம்மாவுக்கு முதுகு சாய்கிற நாற்காலி, எனக்கு மடங்காத மேசை.

4. உம்மாவுக்கு இங்கே தங்க விசாவில் கொடுத்த ஆறு மாதம் ஜூலையில் முடிகிறது. ஊருக்கு அவர்களைத் தனியாக ஏற்றிவிடப் போவதில்லை. இரண்டு டிக்கெட், லண்டன் வழியாக. என் முத்திரையை லண்டனிலேயே கேட்பேன், இல்லை என்றால் ஊருக்குப் போய்க் கேட்பேன், இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், பார்த்துக்கொள்ளலாம்.

5. லண்டன் வந்ததும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று செருமுவேன். தேத்தண்ணி போட்டு வைக்கச் சொல்.