உன் குளிர் எனக்கு வரட்டும்

லீட்ஸ், இங்கிலாந்து
2-12-1962

என் தங்கை பூங்காவனத்துக்கு,

அண்ணன் எழுதுவது. நர்சுப் படிப்பு எப்படியோ நடக்கிறது. இங்கே ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காக ஒரு குளிர் அறை கட்டியிருக்கிறார்கள். வெயில் நாட்டுக்காரன் தாங்குவானா என்று கேட்டார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. தினம் இரண்டு மணி நேரம் அரைக்கால் சட்டையோடு அதில் உட்காருகிறேன். பல் கிடுகிடுக்கிறது. ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். போகப் போக உடம்பே பழகிவிடுமாம். சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியும் கழுத்துச் சுரப்பியும் ஹார்மோன் என்று ஒன்றை ரத்தத்தில் விட்டுச் சூட்டைக் கூட்டுமாம்.

உனக்குத்தான் கட்டியோடு கழுத்துச் சுரப்பியையே வெட்டி எடுத்துவிட்டார்களே. அதன் வேலையை உன் மாத்திரை செய்கிறது. அது என்ன தெரியுமா? ஆட்டுக் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்து இடித்த தூள். விரதமென்று முட்டையைக்கூடத் தொடாதவள் தினம் காலையில் ஆட்டை விழுங்குகிறாய். முருகனுக்குத் தெரியுமா?

உன் வீட்டுக்காரருக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அண்ணன்
விநாயகம்


பெல் ஒம்ப்ர், மொரிஷியஸ்
18-1-1963

அண்ணா,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐஸில் உட்காரவா கடல் தாண்டிப் போனாய்? உனக்காகக் காவடி நேர்ந்துகொண்டேன். அவன் குளிர் எனக்கு வரட்டும் முருகா என்று கேட்டேன். மார்கழி முதல் தேதியிலிருந்து விரதம். ஆட்டுத் தூள் என்று தெரிந்தபின் மாத்திரையை எப்படி வாயில் போட? பூசம் கழியட்டும்.

பலித்துவிட்டது அண்ணா. நடுக்கம் நின்றுவிட்டதென்று புது வருஷ வாழ்த்தில் எழுதியிருந்தாய். இங்கே எனக்குக் குளிர்கிறது. கரும்புக் காட்டில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது, நான் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன். முகம் உப்பிவிட்டது, குரல் கட்டிவிட்டது, உட்கார்ந்த இடத்தில் தூக்கம். காலையில் இவர் "லெவே, லெவே" என்று உலுக்கினால்தான் எழுந்திருக்கிறேன்.

மாத்திரையை நிறுத்தியது இவருக்குத் தெரியாது. தெரிந்தால் காவடியைத் தடுத்துவிடுவார். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லிவிடாதே. கொடியேறியதும் தினம் விடியலில் ஆற்றில் முழுக வேண்டும்.

உன்
பூங்காவனம்


லீட்ஸ்
29-1-1963

பூங்காவனம்,

உன் கடிதம் இன்று வந்தது.

என் குளிர் உனக்கு வரவில்லையம்மா. என் சுரப்பிகள் குளிருக்குப் பழகிக்கொண்டன, அவ்வளவுதான். உனக்குப் பழகிக்கொள்ளச் சுரப்பியே இல்லை. மாத்திரை இல்லாமல் உன் உடம்பு உள்ளேயே அணைந்துகொண்டு வருகிறது. முகம் உப்பியது, குரல் கட்டியது, தூக்கம், எல்லாம் அதுதான். வார்டில் பார்த்திருக்கிறேன். இன்றே டாக்டரிடம் போ. மாத்திரை நிறுத்தியதைச் சொல். ஆற்றில் இறங்காதே.

பாவமெல்லாம் என் தலையில். விளையாட்டுக்கு எழுதினேன், எனக்கு அறிவில்லை. உன் நேர்த்திக்கடனை நான் வந்து செலுத்துகிறேன், முதுகெல்லாம் வேல் குத்திக்கொள்கிறேன்.

மச்சானுக்குத் தந்தி அடிக்கத் தபாலாபீஸ் வாசல் வரை போனேன். நீ கெஞ்சியது நினைவுக்கு வந்து திரும்பிவிட்டேன். இருபது நாளில் உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் அடித்துவிடுவேன்.

விநாயகம்


பெல் ஒம்ப்ர்
12-2-1963

மச்சான் அவர்களுக்கு,

பூங்காவனத்தின் புருஷன் ராமசந்திரன் சொல்லச் சொல்லக் கோயில் பள்ளி வாத்தியார் அப்பாசாமி எழுதுவது.

என் தந்தி கிடைத்திருக்கும். பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு ஆற்றில் முழுகிவிட்டு வந்து படுத்தாள். எழுந்திருக்கவில்லை. நல்ல வெயில், அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. விரதக் களைப்பு, தூங்கட்டும் என்று பெண்கள் சொன்னார்கள். "லெவே, லெவே" என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. உன் அண்ணன் எழுதியிருக்கிறார் என்று காதருகில் சொன்னேன். கண் திறக்கவில்லை. எழுந்ததும் படிக்கட்டும் என்று பிரிக்காமல் அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவளைத் தூக்கிய அன்றுவரை அங்கேயே இருந்தது.

நேற்று வாத்தியார் படித்துச் சொன்னார். டிசம்பரில் நீங்கள் எழுதியதையும் தேடி எடுத்துப் படிக்கச் சொன்னேன்.

இந்த வீட்டில் இனித் தமிழ் வாசிக்க ஆளில்லை. எழுத வேண்டாம்.

ராமசந்திரன்