பெஞ்சின் மறுகோடி

ஹார்லோ, அயோவா
மார்ச் 4, 2019

அன்புள்ள டுவெய்ன்,

தொலைபேசியை நீ எடுப்பதாக இல்லை. மணியடித்து மணியடித்து என் காதுதான் செவிடாகிறது. அதனால் பழைய காலத்து ஆள் மாதிரி கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே, கல்லூரியிலும் இப்படித்தான் எழுதினேன்.

செய்தி உன் காதுக்கும் வந்திருக்கும். நம் கல்லூரி இந்த வசந்தத்தோடு பேஸ்பால் அணியை மூடுகிறது. மாணவர்கள் குறைந்துவிட்டார்களாம். மூடுவதற்கு முன்னால் அணியின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். 'நீங்க பந்து பிடிச்ச கேட்சர். மொத்த மைதானத்தையும் பார்த்து உக்காந்திருந்த ஒரே ஆள் நீங்கதானே' என்று ஐஸ் வைத்தார்கள். நானும் உருகிவிட்டேன்.

1909-இல் மேய்ச்சல் நிலத்தில் நடந்த முதல் ஆட்டம், அதில் சாணியை, ஓடித் தொட வேண்டிய இரண்டாம் பேஸ் என்று நினைத்துச் சறுக்கி விழுந்த வேதியியல் பேராசிரியர், பார்வையாளர் படிக்கட்டைச் சூறாவளி தூக்கிப்போன வருஷம், வேலிக்கு அப்பால் சோளக்காட்டில் தொலைந்த பந்துகளை அறுவடை முடிந்ததும் வாளியில் கொண்டுவந்து கொட்டும் விவசாயி, எல்லாம் எழுதியாகிவிட்டது. இப்போது 1973-இல் நிற்கிறேன். அது உன் ஆட்டம். நீ சொன்னால்தான் அந்தப் பக்கம் நிரம்பும்.

இன்னொன்று. மே 11 கடைசி ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க முதல் பந்தை நீதான் எறிய வேண்டும், நான் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். என் முட்டி சம்மதிக்கவில்லை. அதை நான் கேட்பதாயில்லை.

ஜேனட் ஆப்பிள் பை சுட்டு அனுப்புகிறாள். மார்லிஸை விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய கேட்சர்,
கிளார்க்

*

பண்ணை
மார்ச் 15

கிளார்க்,

கடிதம் வந்தது. பையும் வந்தது, தின்றேன். ருசி தெரியவில்லை. நன்றாக இருந்தது என்று ஜேனட்டிடம் சொல்லிவிடு.

பனி இன்னும் கரையவில்லை. ஒரு பசு கன்று போட்டது.

1973 பற்றி நீயே எழுதிக்கொள். முதல் பந்துக்கு வேறு ஆளைப் பார். நவம்பரில் இரும்புக் குதிருக்குள் அடைத்துக்கொண்ட சோளத்தைக் கிளறிவிட டெரிக் இறங்கினான். சோளம் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து காலையில் பூட்ஸ் போடுகிறேன், மாலையில் கழற்றுகிறேன். நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மகன் செத்தால் அப்பன் அழ வேண்டும். மார்லிஸ் அழுகிறாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டுவெய்ன்

*

ஹார்லோ
மார்ச் 27

அன்புள்ள டுவெய்ன்,

கன்று போட்ட செய்தி மகிழ்ச்சி. இங்கே மைதானத்தில் பனி கரைந்து சேறாகக் கிடக்கிறது. புதுப் பையன்கள் அதில் எருமைபோல் புரள்கிறார்கள்.

நீ சொன்னபடி 1973-ஐ நானே எழுதினேன். நம் வழக்கம் தெரியாதவர்களும் படிப்பார்களே என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதியிருக்கிறேன். தப்பிருந்தால் திருத்து:

"ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முடிந்திருந்தது. டுவெய்ன் எறிந்த பந்தை எதிரணியில் ஒருவனாலும் உருப்படியாக அடித்து ஓட முடியவில்லை. பந்தெறியும் பிட்சருக்கு ஆட்டம் இப்படிப் போய்க்கொண்டிருந்தால் அவனிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் அதிர்ஷ்டம் உடைந்துவிடும். நாங்கள் எல்லாரும் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து, ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்தோம். 'டேய், அவன்கிட்ட யாரும் போவாதீங்கடா, தண்ணிகூட நானே வெச்சிட்டு வந்துடறேன்' என்று பயிற்சியாளர் கிசுகிசுத்தார். ஒரு புதுப்பையன் 'இன்னும் ஆறு பேர அவுட்டாக்கினா...' என்று வாயெடுத்தான். அவன் வாயிலேயே தொப்பியைத் திணித்தார். டுவெய்ன் பெஞ்சின் இந்தக் கோடியில் தன்னந்தனியாக, மலைபோல் அமைதியாக உட்கார்ந்திருந்தான். கடைசிவரை ஒருவனும் அடிக்கவில்லை. எங்கள் அணியின் வரலாற்றில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்."

எப்படி? கடைசி வரியை எழுதும்போது மயிர்க்கூச்செறிந்தது எனக்கு. மே 11-ஐ மறுபடி யோசி.

கிளார்க்

*

பண்ணை
ஏப்ரல் 9

கிளார்க்,

படித்தேன். மலைபோல் அமைதியாக என்பதை அடித்துவிடு.

கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன. எவனாவது வந்து 'எரும, மூக்கத் தொடச்சிக்கடா' என்றாவது சொல்ல மாட்டானா என்று இருந்தது. நீ என் கேட்சர். நீயும் மறுகோடியில்தான் இருந்தாய். ஜெயித்ததும் எல்லாரும் என்மேல் விழுந்தீர்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றும் இப்படித்தான் மரத்துப்போயிருந்தேன்.

அடக்கத்தன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஹாம் சாண்ட்விச் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாய். சொல்லாமல் போய்விட்டாய். விதைக்கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பெட்ரோல் போடப் போனால் ஆளாளுக்கு வானத்தைப் பார்க்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். அன்று என்மேல் வைத்த அதே மரியாதைதான். ஊர் மொத்தமும் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டது.

அன்று உடைந்துவிடும் என்று பயந்தீர்கள். இது உடைந்தே போய்விட்டது, கிளார்க். இனி என்ன பயம்? உன் இரண்டு கடிதங்களையும் திரும்பப் படித்தேன். அவன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பின்னாளில் அவனும் அந்த அணியில் ஆடியவன்தான்.

டுவெய்ன்

*

ஹார்லோ
ஏப்ரல் 13

டுவெய்ன்,

டெரிக். டெரிக். எழுதிவிட்டேன்.

நம் அணியில் பந்தைத் தடுக்கும் ஷார்ட் ஸ்டாப்பாக நின்றானே, அந்த முதல் வருஷம் சுலபமான ஒரு பந்தைக் கோட்டைவிட்டான். வேலியோரம் நின்ற என்னைப் பார்த்து, 'கிளார்க் மாமா, நீங்க குறுக்க நின்னீங்க, வெளிச்சம் மறைச்சிருச்சு' என்று அத்தனை பேருக்கும் நடுவில் கத்தினான். என் தொப்பையைத்தான் சொன்னான், படவா. அதைப் புத்தகத்தில் சேர்த்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன். என்ன பேசுவதென்று தெரியாது. தெரியாமலேயே பேசுகிறேன். எங்கள் தோட்டத்தில் அந்தப் புளிப்பு ருபார்ப் தண்டு இப்போதுதான் தலைகாட்டுகிறது. வளர்ந்ததோ இல்லையோ, வெட்டி பை செய்யச் சொல்லியிருக்கிறேன்.

கிளார்க்

*

பண்ணை
ஏப்ரல் 22

அன்புள்ள கிளார்க்,

சனிக்கிழமை நீ பேசியதில் பாதி பொய். டெரிக் உன் தொப்பிக்குள் வைத்தது தவளை இல்லை, தேரை. அதற்கு நீ அலறியதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய். மார்லிஸ் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

நீ கிளம்பியதும் குதிர் வரைக்கும் நடந்து போய்வந்தேன். நவம்பருக்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை.

மே 11-க்கு வருகிறேன். பந்து உன்வரை வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு நிபந்தனை. நான் பந்தெறியும் மேட்டில் ஏறியதிலிருந்து பந்து கையைவிட்டுப் போகும்வரை நீ வாயை மூடக்கூடாது. என்ன வேண்டுமானாலும் பேசு, திட்டு, பாட்டுப் பாடு.

ஜேனட்டிடம் ஒன்று சொல். நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ருபார்ப் பையில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். புளித்தது. பல் கூசுகிற அளவுக்குப் புளித்தது. சர்க்கரை போட மறந்துவிட்டாளா என்று கேள். இன்னொரு துண்டும் தின்றேன்.

டுவெய்ன்